மிருதங்கம் வாங்கப் போகிறீர்களா? கட்டை, தோல், நாதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கு மிருதங்கப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். விஜயதசமிக்குப் புதிதாகச் சேர்பவர்கள் இரண்டு மூன்று மாதம் என் பழைய வாத்தியத்தில் தட்டுவார்கள். பிறகு பெற்றோர் வந்து நிற்பார்கள்: "சார், சொந்தமா ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கோம்." அதற்குப் பின் வரும் கேள்விகள் வருடா வருடம் ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே எழுதிப் பதில் தந்திருக்கிறேன்.

"சார், கடைக்குள்ள போனதும் முதல்ல எதைப் பார்க்கணும்?"

கட்டையை, அதாவது குடைந்த மர உடலை. எல்லாரும் முதலில் வலந்தலையை, அதாவது வலது கை வாசிக்கும் பக்கத்தை, தட்டிப் பார்க்கிறார்கள். "நல்லா கேக்குதே" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தச் சத்தம் தோலின் சத்தம். தோலும், அதன் நடுவில் கறுப்பு வட்டமாக இருக்கும் கரணையும் தேயும், கிழியும், மாற்றிக்கொள்ளலாம். கட்டையில் குறை இருந்தால் அதன் மேல் எத்தனை புது மூட்டு (வாயில் மாட்டும் தோல் தொகுதி) போட்டாலும் அந்தக் குறை கூடவே வரும். நல்ல கட்டை அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும். மூட்டு அப்படி வராது.

முடிந்தால் தஞ்சாவூரிலோ உங்களுக்குப் பக்கத்திலோ வாத்தியம் செய்கிறவரின் பட்டறைக்கே போய், "மூட்டு போடாத கட்டை இருக்கா, பார்க்கலாமா?" என்று கேளுங்கள். தலைமுறை தலைமுறையாக இதே தொழிலில் இருக்கும் குடும்பங்கள் தஞ்சாவூரில் உண்டு. நல்ல வேலைக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். சந்தோஷமாக நாலு கட்டையை உருட்டி விடுவார். வெறும் கட்டையாக இருந்தால் உள்பக்கம் முழுக்கத் தெரியும். குடைந்த சுவர் சுற்றிலும் ஒரே கனமாக இருக்கிறதா, கணு இருக்கிறதா, ஒட்டுப் போட்டிருக்கிறதா, பூச்சித் துளை இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவியே பார்த்துவிடலாம். இருட்டான இடத்தில் கட்டைக்குள் செல்போன் டார்ச்சை வைத்து, இரண்டு வாயையும் துணியால் மூடி, வெளியிலிருந்து பாருங்கள். ஊடுருவிய விரிசல் இருந்தால் வெளிச்சக் கோடு தெரியும். பசை வைத்து அடைத்த விரிசலில் வெளிச்சம் வராது. அதை எப்படிப் பிடிப்பது என்று கீழே சொல்கிறேன்.

"பலா மரம்னு சொல்றாங்க. நிஜமாவே பலாவான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

நிறம்தான் முதல் அடையாளம். பலாவின் வைரப் பகுதி, அதாவது நடுவில் விளைந்து இறுகிய மரம், புதிதாக அறுத்தபோது நல்ல மஞ்சளாக இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பட்டுத் தேன் நிறமாகி, பல வருடம் கழித்துச் செம்பழுப்புக்கு வரும். வைரத்தைச் சுற்றியுள்ள வெளுப்பு மரம் வெளிறிக் கிடக்கும். வண்டு முதலில் துளைப்பது அந்த வெளுப்பைத்தான். ஒரு கட்டையில் ஒரு பக்கம் மஞ்சளும் இன்னொரு பக்கம் பட்டையாக வெளுப்பும் இருந்தால், அடிமரம் போதிய பருமன் இல்லை என்று பொருள். அதை விட்டுவிடுங்கள்.

பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்கு வாத்தியக்காரர்களிடம் தனி மதிப்பு. தஞ்சாவூர் வீணைக்கும் பலாதான் மரம். வேம்பு, செம்மரம், பனை, தென்னை ஆகியவற்றிலும் மிருதங்கக் கட்டை கடைவது உண்டு. வேறு மரம் என்பதாலேயே குற்றம் ஆகிவிடாது. பலா என்று சொல்லி வேறொன்றைத் தருவதுதான் குற்றம். வர்ணம் பூசிய கட்டையில் மரத்தின் நிறமே தெரியாது. ஆகவே முதல் வாத்தியத்துக்கு வர்ணம் வேண்டாம் என்பது என் கட்சி.

"கனமா இருந்தா நல்ல மரம்தானே?"

பாதி உண்மை. விளைந்த மரம் கனக்கும், ஆனால் காயாத பச்சை மரமும் கனக்கும். பச்சை மரம் காயும்போது சுருங்கும். சுருங்கினால் வாய் கோணும், இல்லாவிட்டால் கட்டை வெடிக்கும். ஒரே அளவுள்ள இரண்டு மூன்று கட்டைகளைத் தூக்கிப் பாருங்கள். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் வித்தியாசமாகக் கனத்தால், மரம் அறுத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று கேளுங்கள். உள்பக்கம் தொட்டால் சில்லென்று ஈரம் தட்டுவதும், பச்சை வாடை வருவதும் நல்ல அறிகுறி இல்லை.

"வார்னிஷ் போட்டுப் பளபளன்னு இருக்கே, அதையே வாங்கிடலாமா?"

இதற்கு என் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் சம்பளத்தில் வாங்கிய மிருதங்கம் கண்ணாடி மாதிரி இருந்தது, முகம் பார்த்துக்கொள்ளலாம். கார்த்திகையில் வாங்கினேன். சித்திரை வெயில் வந்தது. ஒரு மத்தியானம் உறையைக் கழற்றிப் பார்த்தால் இடது கை வாசிக்கும் தொப்பிப் பக்கத்து வாயிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. மரத்தூளையும் பசையையும் குழைத்து விரிசலை அடைத்து, அதன் மேல் வார்னிஷ் அடித்திருந்தார்கள். மரம் காய்ந்து சுருங்கியதும் அடைப்பு உதிர்ந்துவிட்டது. விற்றவர், "வெயில்ல வெச்சீங்களா?" என்று என்னையே கேட்டார்.

அன்றிலிருந்து நான் செய்வது இது. மர ரேகை ஓடுகிற வழியில் கண்ணை ஓட்டுவேன். நல்ல மரத்தில் ரேகை தொடர்ந்து போகும். அடைத்த இடத்தில் ரேகை நின்று, மொழுக்கென்று ஒரே நிறத்தில் ஒரு கோடு தெரியும். அந்த இடத்தை நகத்தால் தட்டினால் சத்தம் செத்துப்போய்க் கேட்கும். இரண்டு மூட்டையும் இழுத்துக் கட்டும் தோல் வார்களுக்கு அடியில் இருக்கும் மரத்தையும் பார்க்க வேண்டும். ஒளிக்க வசதியான இடம் அதுதான். வாரை இலேசாக ஒதுக்கி டார்ச் அடித்தால் தெரிந்துவிடும்.

"அப்போ விரிசல் இருந்தாலே வேண்டாம்னு வந்துடணுமா?"

வாயின் விளிம்பைத் தொடுகிற விரிசல் என்றால் பேச்சே இல்லை, வந்துவிடுங்கள். மூட்டின் இழுவை முழுவதையும் தாங்குவது அந்த விளிம்புதான். அங்கே உள்ள விரிசல் நாளுக்கு நாள் நீளும். நடு வயிற்றில் மேலோட்டமாக மயிரிழை மாதிரி இருந்து, உள்பக்கம் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். ஆனால் அதைக் கடைக்காரர் தானே காட்டினாரா, நீங்கள் கண்டுபிடித்த பிறகு ஒப்புக்கொண்டாரா என்பதைக் கவனியுங்கள். எனக்கு அது விரிசலைவிட முக்கியம்.

"வாய் சரியான வட்டமான்னு கண்ணால பார்த்தா போதுமா?"

போதாது. ஒரு ஈர்க்குச்சியை வாயின் குறுக்கே சரியாகப் பொருந்துமாறு ஒடித்துக்கொள்ளுங்கள். அதையே நாலு திசையில் திருப்பி வைத்துப் பாருங்கள். ஒரு திசையில் இடித்து இன்னொரு திசையில் ஆடினால் வாய் கோணல். அப்புறம் வெறும் கட்டையைச் சமமான கடப்பைக் கல்லின் மேல் நிறுத்தி ஆட்டிப் பாருங்கள். தடதடவென்று ஆடினால் விளிம்பு மட்டமாக இல்லை. விளிம்பு மேடு பள்ளமாக இருந்தால் தோல் ஒரு பக்கம் அழுந்தும், ஒரு பக்கம் தளரும். அந்த வாத்தியத்தில் ஸ்ருதி கூட்டுவது ஆயுசுக்கும் தகராறுதான்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. நாதம் நல்லா இருக்கான்னு எப்படிச் சோதிக்கிறது?"

முடிந்தவரை உங்கள் வாத்தியாரை அழைத்துப் போங்கள். ஒரு காபி வாங்கிக் கொடுத்தால் வந்துவிடுவோம். அவர் வர முடியாவிட்டால் செல்போனில் தம்புரா செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரரையே "நம்" வாசிக்கச் சொல்லுங்கள். கரணையின் ஓரத்தில் மோதிர விரலை இலேசாக ஊன்றி, ஆள்காட்டி விரலால் விளிம்பிலுள்ள மீட்டுத் தோலைத் தட்டுவதுதான் "நம்".

வலந்தலையில் வார் கோத்த இடங்கள் 16. அவற்றைக் கண் என்பார்கள். மிருதங்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி ஒவ்வொரு கண்ணுக்கு நேராகவும் "நம்" வாசிக்கச் சொல்லுங்கள். எல்லாக் கண்ணிலும் ஒரே ஸ்ருதி பேச வேண்டும். ஓரிரு கண் ஏறி இறங்கி இருந்தால் கல்லும் புள் என்னும் மரத்துண்டும் கொண்டு மூட்டைத் தட்டி உடனே சரிசெய்வார். அப்படித் தட்டியும் அதே கண் மறுபடி விலகினால், அந்த இடத்தில் தோல் மெலிந்திருக்கலாம். இல்லாவிட்டால் முந்தின கேள்வியில் சொன்ன விளிம்புக் குறையாக இருக்கலாம்.

பிறகு "சாப்பு". மீட்டுக்கும் கரணைக்கும் நடுவே தெரிகிற தோலில் விழும் சொல் அது. கணீரென்று எழுந்து, ஒரு சின்ன ரீங்காரத்தோடு கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். டப்பென்று விழுந்து அடங்கினால் கரணை கனத்துவிட்டது, அல்லது தோல் சரியில்லை. கடைசியாகத் தொப்பி. ரவை வைக்காமல் தொப்பியைத் தட்டிவிட்டு "இதுல சத்தமே இல்லையே" என்பவர்கள் உண்டு. ரவையைத் தண்ணீரில் பிசைந்து நடுவில் அப்பினால்தான் "தொம்" கீழ் ஸ்தாயியில் பேசும். கடையில் ரவை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தயங்காதீர்கள்.

"கறுப்புல வெடிப்பு வெடிப்பா இருக்கு. பழசைத் தள்ளிவிடறாங்களா?"

இல்லை. கிட்டக் கல்லைப் பொடியாக்கிச் சலித்து, சோற்றோடு பிசைந்து, படலம் படலமாகத் தடவி, ஒவ்வொரு படலத்தையும் கல்லால் தேய்த்துத் தேய்த்துக் காயவைத்துத்தான் கரணை உருவாகிறது. அந்தத் தேய்ப்பிலேயே பொடிப்பொடியாக வெடிப்பு விழ வேண்டும். அது விழுந்தால்தான் இறுகிய கரணைக்கு அடியில் தோல் அசையும், நாதம் வரும். வெடிப்பே இல்லாமல் தார் பூசினதுபோல் இருக்கும் கரணைதான் எனக்குச் சந்தேகம்.

பார்க்க வேண்டியது வேறு. ஓரத்தில் பொரிந்து எழும்பியிருக்கிறதா? விரலால் தடவினால் துணுக்காக உதிர்கிறதா? நடுவிலிருந்து சரிந்து ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கிறதா? இவற்றில் எது இருந்தாலும் அவசர வேலை. வாசிக்க வாசிக்கக் கரணை தேய்வதும், மறுபடி போட வேண்டி வருவதும் சகஜம்.

"குச்சி மிருதங்கமா, கப்பி மிருதங்கமா? எது உசத்தி?"

உயர்வு தாழ்வு கிடையாது. மீட்டுத் தோலுக்கும் உள்ளே இருக்கும் தோலுக்கும் இடையில் ஈர்க்குத் துணுக்குகளைச் சொருகினால் குச்சி. பொடிக்கல் தூவினால் கப்பி. இரண்டும் அந்த ரீங்காரத்துக்காகத்தான். உங்கள் வாத்தியார் எதை வாசிக்கிறாரோ அதையே வாங்குங்கள்.

"பொண்ணுக்குத்தான் வாங்கறோம். சின்னதா 22 அங்குலம் போதும் இல்லையா?"

ஆள் உயரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீளமான 24 அங்குல மிருதங்கம் தக்கு ஸ்ருதிக்கு, அதாவது ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை (இங்கே கட்டை என்பது ஸ்ருதியின் அளவு) என்று பாடும் ஆண் குரலுக்கு. 22 அங்குலம் ஹெச்சு ஸ்ருதிக்கு, நாலரை, ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண் குரலுக்கு. உங்கள் பெண் யாருக்கு வாசிக்கப் போகிறாள் என்பதுதான் கேள்வி. பாட்டு வகுப்பில் கூடவே வாசிக்கிறாள், பாடுகிறவர்கள் பெண்கள் என்றால் 22 சரி.

தவறான கட்டையைத் தவறான ஸ்ருதிக்கு இழுப்பதுதான் பல நல்ல வாத்தியங்களுக்கு எமன். ஒரு கட்டை மிருதங்கத்தை மூன்றுக்கு ஏற்றுகிறேன் என்று அடித்தால் தோல் கிழியும். கடையில் கேட்ட ஸ்ருதிக்கு வந்துவிட்டது என்பதோடு நிறுத்தாதீர்கள். மூட்டு விளிம்பிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். புது வாத்தியத்திலேயே அடித்து அடித்து இறக்கித்தான் அந்த ஸ்ருதிக்குக் கொண்டுவந்திருந்தால், இன்னும் இழுக்க இடம் இருக்காது.

"ஐப்பசி மழையில வாங்கலாமா, தை வரட்டும்னு காத்திருக்கவா?"

நம் ஊரில் இது நியாயமான கேள்வி. ஈரக் காற்றில் தோல் தளர்ந்து ஸ்ருதி இறங்கும். வெயிலில் விறைத்து ஏறும். மழை நாளில் உங்களுக்கு வேண்டிய ஸ்ருதிக்கு இழுத்து நிறுத்திய வாத்தியம் பங்குனியில் ஏறி நிற்கும். அப்போது தளர்த்த வேண்டும். பெரிய சங்கடம் இல்லை. ஆனால் அந்த நாட்களில் தோலும் கரணையும் சரியாகக் காயாது. அவசரப்படுத்தினால் வேலை கெடும். மார்கழிக் கச்சேரிகளுக்கும், அதை ஒட்டி வரும் திருவையாறு ஆராதனைக்கும் வித்வான்களின் வாத்தியங்கள் பட்டறையில் வரிசையில் நிற்கும். புதிதாக வாங்குகிறவருக்கு அப்போது கவனம் கிடைப்பது கஷ்டம். மாசி, பங்குனியில் போங்கள். என் மாணவர்களை அப்போதுதான் அனுப்புகிறேன்.

"போல்ட்டு நட்டு வெச்சது, ஃபைபர்ல செஞ்சது எல்லாம் வருதே?"

போல்ட்டு நட்டு வைத்ததில் ஸ்பானரால் திருகி நாமே ஸ்ருதி கூட்டலாம். பட்டறை பக்கத்தில் இல்லாத வெளியூர்க்காரர்களுக்கு அது பெரிய உதவி. பாரம் கூடும், நாதம் சற்று மாறும். வாங்கும்போது திருகு மரை வழுக்குகிறதா, துருப்பிடித்திருக்கிறதா, கட்டையில் உரசுகிறதா என்று பாருங்கள். ஃபைபர் மிருதங்கத்தைப் பரவலாக அறியச் செய்தவர் இதே காவிரிக் கரையைச் சேர்ந்த உமையாள்புரம் சிவராமன். மரமில்லாத உடல் நமக்குப் புதிதும் இல்லை. திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் பஞ்சமுக வாத்தியம் உலோகத்தில் வார்த்த உடல்தான். ஃபைபரில் வெடிப்பு, வண்டு பயம் இல்லை. தோல் சோதனைகள் மட்டும் மேலே சொன்னவையே.

"பாபநாசத்துல ஒரு வீட்டுப் பரண்ல தாத்தா மிருதங்கம் இருக்கு, சும்மாவே தரேங்கறாங்க. வாங்கலாமா?"

ஓடிப் போய் வாங்குங்கள், ஆனால் வாசிக்கக் கொடுக்காதீர்கள். தோல் இற்றுப் போயிருக்கும். எருமைத் தோல் வார் அப்பளம்போல ஒடியும். அதெல்லாம் கழிவுதான். உள்ளே இருக்கும் கட்டைதான் சொத்து. இத்தனை வருடம் காய்ந்த மரம் இனி சுருங்கி வெடிக்கப் போவதில்லை.

எமன் வண்டுதான். மிருதங்கத்தை நன்றாகத் துடைத்து, ஒரு செய்தித்தாளை விரித்து அதன் மேல் இரண்டு ராத்திரி வையுங்கள். காலையில் மாவுபோல மரப்பொடி கொட்டிக் கிடந்தால் வண்டு இன்னும் உள்ளே குடியிருக்கிறது. துளை மட்டும் இருந்து பொடி கொட்டவில்லை என்றால் பழைய கதையாக இருக்கலாம். பிறகு பட்டறையில் வாரை அறுத்து, இரண்டு மூட்டையும் கழற்றி, முதல் பதிலில் சொன்ன எல்லாச் சோதனையையும் செய்யுங்கள். காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால், மூட்டைக் கழற்றிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். "அதெல்லாம் கழட்ட வேண்டாம், நல்லாதான் இருக்கு" என்று சொன்னால் வணக்கம் போட்டுவிட்டு வாருங்கள்.

"தவிலுக்கும் இதே சோதனைதானா?"

கட்டைக்கு இதேதான். அதுவும் பலாதான். தவிலில் கூடுதலாக வளையத்தைப் பார்க்க வேண்டும். பழைய முறையில் மூங்கில் வளையம், இப்போது பெரும்பாலும் இரும்பு வளையமும் திருகும். வளையம் கட்டையைச் சுற்றிலும் ஒரே இடைவெளியில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் கழி, மறுபக்கம் கூடு மாட்டிய விரல்கள் என்று அடி பலமாக விழுகிற வாத்தியம் இது. வாய் விளிம்பில் சின்னக் குறை இருந்தாலும் மிருதங்கத்தைவிடச் சீக்கிரம் வெளியே வந்துவிடும்.

"கஞ்சிராவுக்கு உடும்புத் தோல்தான் நாதம்னு ஒருத்தர் தரேங்கறார். எடுத்துக்கலாமா?"

வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. அதன் தோலை விற்பதும் வாங்குவதும் குற்றம், சிறை வரை போகும். "பழைய தோல்" என்பார்கள், நம்பாதீர்கள். ஆட்டுத்தோல், செயற்கைத் தோல் கஞ்சிராக்கள் கிடைக்கின்றன. கஞ்சிராவின் மரச் சட்டம் பலாவில் ஒரே வளையமாக இருக்கிறதா, ஒட்டு விட்டிருக்கிறதா, காசுகள் தடங்கலின்றி ஆடுகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

"வாங்கி ஒரு மாசம்தான் ஆச்சு, ஸ்ருதி இறங்கிடுச்சு. ஏமாத்திட்டாங்களா சார்?"

பெரும்பாலும் இல்லை. புது வாரும் புதுத் தோலும் கொஞ்சம் நீளத்தான் செய்யும். முதல் இரண்டு மூன்று மாதத்தில் ஒருமுறை வார் பிடித்து, அதாவது தளர்ந்த வாரை இறுக்கிக் கொடுப்பது வழக்கம். வாங்கும்போதே, "வார் பிடிக்க வந்தா காசு உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். இறங்கியது எல்லாக் கண்ணிலும் ஒரே சீராக இருந்தால் கவலை இல்லை. ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் வாய் விளிம்பையும் கட்டையையும் மறுபடி பாருங்கள். அப்போது தயங்காமல் வாத்தியத்தைத் திருப்பி எடுத்துப் போங்கள்.

"நேர்ல போக முடியல, இணையத்துல வாங்கலாமா?"

முதல் வாத்தியத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். வேறு வழியே இல்லை, துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறீர்கள் என்றால், மூன்று விஷயம் கேளுங்கள்: மூட்டு போடுவதற்கு முன் வெறும் கட்டையின் உள்பக்கப் படம், வாத்தியத்தின் எடை, தம்புராவோடு 16 கண்ணிலும் "நம்" வாசிக்கிற வெட்டாத காணொளி. காணொளியில் பின்னணிப் பாட்டு ஓடினால் வேறு ஒன்று அனுப்பச் சொல்லுங்கள்.

"வீட்டுக்குக் கொண்டு வந்தாச்சு. எங்க வைக்கிறது?"

வெறும் தரையில் வேண்டாம். மழைக்காலத்தில் நம் வீட்டுத் தரை வியர்க்கும். பீரோ மேல், உறையோடு, படுக்கவைத்து வையுங்கள். காரின் பின்பெட்டியில் வெயிலில் விடாதீர்கள். வாசித்து முடித்ததும் தொப்பியிலிருக்கும் ரவையைச் சுரண்டி எடுத்து, ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுக்குள் வரும். ரவை வாசத்துக்குத் தொப்பியை ஒரே ராத்திரியில் கடித்துத் தின்றுவிடும். போன வருடம் என் மாணவன் ஒருவனுக்கு அப்படித்தான் ஆயிற்று, கட்டை தப்பித்தது.